துவக்கில்லாத வாத்து விளையாட்டு

எங்கள் ஊருக்கு முதல் டிவி கேம் வந்தபோது அதோடு ஒரு துவக்கும் வந்தது. செம்மஞ்சள் பிளாஸ்டிக், பின்னால் நீளமாக ஒரு வயர். அதை டிவிக்கு நேரே பிடித்து அமத்தினால் திரையில் பறக்கும் வாத்து விழவேண்டும். சவூதியில் லொறி ஓட்டிவிட்டு வந்தவர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டியதும் அவருடைய மனைவி ஓடிப்போய் வாசற்கதவைச் சாத்தினாராம். ரோட்டில் ஆமி, வாவிக்கு அக்கரையில் இயக்கப் பொடியன்கள். நடுவில் ஒருவன், நான் வாத்துச் சுடத்தான் துவக்கு வைத்திருக்கிறேன் என்று சொன்னால் இரண்டு பகுதியிலும் சிரிக்க ஆளிருக்காது.

அவரை நாங்கள் மாமா என்றும் மனைவியை மாமி என்றும் கூப்பிடுவோம். சொந்தம் ஒன்றுமில்லை, அடுத்த ஒழுங்கை. அன்று பின்னேரமே மாமா அந்தத் துவக்கை இடுப்புச் சாரத்துக்குள் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் தோணி இருந்தது. அடுத்த நாள் வலைக்குப் போகும்போது அப்பா அதில் ஒரு கல்லைக் கட்டி வாவியின் ஆழமான இடத்தில் போட்டுவிட்டு வந்தார். வாவிக்குள் என்னென்னவோ கிடக்கிறது, இதுவும் கிடக்கட்டும் என்று அம்மாவிடம் சொன்னார். அந்த வருடங்களில் வலையில் பட்டது மீன் மட்டுமில்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஆக வாத்து விளையாட்டு இருந்தது, சுடத்தான் துவக்கு இல்லை. அதைப் போட்டால் புல்லுக்குள்ளிருந்து இரண்டு வாத்துகள் எழும்பும், அங்குமிங்கும் பறக்கும், யாரும் சுடாததால் மேலே போய் மறைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வரும். அதே கசெட்டில் தாங்கி ஓட்டிக் குண்டு போடுகிற விளையாட்டும் கார்ப் போட்டியும் இருந்ததால் வாத்தை எந்தப் பொடியனும் மதிக்கவில்லை. என் அண்ணனுக்கு மட்டும் அதுதான் பிடித்தது. பெட்டி பிரித்த அன்று ஊரே மாமா வீட்டு யன்னலில் தொங்கியபோது அவனும் தொங்கினான். வாத்துகள் எழும்பியதும் கைதட்டினான். ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, டிவிக்கு முன்னால் சம்மணங்கட்டி இருந்து, அந்த வாத்துகள் பறப்பதை ஒருதரம் பார்க்கவேண்டும். அவனுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அண்ணனுக்கு அப்போது பதினெட்டு வயது. மீசை இருந்தது, அப்பாவின் சட்டை அவனுக்கு இறுக்கமாக இருந்தது. மனதுக்கு மட்டும் ஆறேழு வயதுக்கு மேல் ஏறவில்லை. பிறந்தவுடன் மூச்சு வரத் தாமதமாம். அம்மா சித்தாண்டி முருகனுக்குக் காவடி நேர்ந்து எடுத்தார். முருகன் காவடியை வாங்கிக்கொண்டார், வேறொன்றும் செய்யவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள், எங்கள் ஊருக்கு என் அண்ணன். தண்ணி அள்ள, மாடு கலைக்க, கல்யாண வீட்டில் விறகு கொத்த எல்லோருக்கும் அவன் வேண்டும். சாப்பாட்டுப் பந்தியில் மட்டும் அவனுக்குப் பக்கத்தில் இருக்க ஆள் வராது. அவனைத் தனியே விடப் பயந்து அம்மா என்னைக் கூட அனுப்புவார். பதினொரு வயதில் நான் அவனுக்குக் காவல்.

மாமாவின் மகனுக்குப் பதின்மூன்று வயது. டிவி கேம் வந்த நாளிலிருந்து அவன் ஒரு சின்ன ராசா. பள்ளிக்கூடம் விட்டதும் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவன் வீட்டு வளவில் நிற்போம். கரண்ட் இருப்பது கொஞ்ச நேரம், உள்ளே இருத்துவது இரண்டு மூன்று பேரை. முதலில் பொடியன்கள் அடிபட்டார்கள், ஒருவனுடைய பல் போனது. அதற்குப் பிறகு மாமியின் மகன் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தான். அந்த ஒழுங்கை அவன் எங்கிருந்து படித்தான் என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. நாங்கள் எல்லோரும் அதைக் கண்ணால் பார்த்திருந்தோம்.

பின்வளவில் மாமரத்துக்குக் கீழே எங்களை வரிசை வரிசையாகக் குந்த வைப்பான். கை இரண்டும் பிடரியில். பிறகு உள்ளே போய் ஓர் உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவான். கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டியிருந்தான். வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொருவருக்கும் முன்னால் நின்று பார்ப்பான். யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவர் உள்ளே போகலாம், விளையாடலாம். ஆமியின் சுற்றிவளைப்பில் ஆட்களைக் காட்டிக்கொடுக்க உரப்பை போட்டு வரும் தலையாட்டி ஆட்டினால் அந்த மனிதர் திரும்பி வரமாட்டார். மாமியின் மகன் அதைத் தலைகீழாக மாற்றியிருந்தான். எங்களுக்கு அது பெரிய பகிடியாக இருந்தது. மாமியும் குசினி வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார். மாமா ஒருநாள் கண்டுவிட்டு, ரோட்டால் போகிறவன் பார்த்தால் என்ன நடக்கும் என்று மகனுடைய முதுகில் ஒன்று வைத்தார். அதற்குப் பிறகு வேலிக்குக் கிடுகு போட்டு உயர்த்திவிட்டு விளையாட்டு தொடர்ந்தது.

ஒரு சட்டமும் இருந்தது. அதை ஒவ்வொரு நாளும் தொடங்கும்போது உரப்பைக்குள்ளிருந்து சொல்லுவான்.

"ஆட்டின உடனே எழும்பணும். எழும்பாட்டி பக்கத்தில இரிக்கிறவனுக்கு."

அண்ணன் எப்போதும் முன்வரிசையில் குந்துவான். மாமியின் மகன் அவனுக்கு முன்னால் மட்டும் நெடுநேரம் நிற்பான். தலையை மெல்ல மெல்லக் கீழே கொண்டுவருவான், பாதியில் நிறுத்துவான், பிறகு இல்லை என்று பக்கவாட்டில் ஆட்டுவான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அண்ணனும் சிரிப்பான். சிரிக்கிறவர்கள் தன்னோடு சிரிக்கிறார்கள் என்றுதான் அவன் கடைசிவரை நினைத்தான். எனக்கு அந்த உரப்பையை அப்படியே இழுத்துக் கழுத்தில் முடிச்சுப் போடவேண்டும் போலிருக்கும். வீட்டுக்குப் போகும் வழியில் நாளைக்குத் தனக்கு ஆட்டுவான் என்று அண்ணன் என்னிடம் சொல்லிக்கொண்டு வருவான். ஒவ்வொரு நாளும் அதே நாளை.

ஒருநாள் அம்மா ஒரு பனைப்பெட்டி நிறைய வாவி நண்டு கொடுத்துவிட்டார். மாமி நண்டைக் கண்டு முகம் மலர்ந்து, இன்றைக்கு அவனுக்கும் கொடு என்று மகனுக்குச் சொன்னதை நான் கேட்டேன். அன்று உரப்பை அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து வாவிக்கு மேலாக ஒரு ஹெலி வந்தது. ஹெலிச் சத்தம் கேட்டால் எங்களுடைய கண் தானாக மேலே போகும். எல்லோருடைய கண்ணும் போனது, அண்ணனுடையதும் போனது. உரப்பை ஒழுங்காக, முழுதாக ஆட்டியது. அண்ணன் அதைக் காணவில்லை. பக்கத்திலிருந்தவன் துள்ளி எழும்பி உள்ளே ஓடிவிட்டான். அது அண்ணனுடையது என்று நான் கத்தினேன். சட்டம் சட்டம்தான் என்று உரப்பை சொன்னது. அண்ணன் அன்று மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தான்.

அன்றிலிருந்து அவன் பழகத் தொடங்கினான். எங்களுடைய ஆடு முற்றத்தில் படுத்து அசைபோடும்போது தலை மேலும் கீழும் போகும். அண்ணன் அதற்கு முன்னால் போய்க் குந்துவான், கை இரண்டும் பிடரியில். ஆட்டின் தலை கீழே வந்ததும் துள்ளி எழும்புவான். திரும்பவும் குந்துவான். திரும்பவும் துள்ளுவான். மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா அதைப் பார்த்து, மீன் செதில் ஒட்டிய கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அவனும் ஒரு வேலையை இவ்வளவு கவனமாகச் செய்கிறானே என்று அம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட இருந்தது. சில நாளில் அவன் நன்றாகத் தேறிவிட்டான். இனி ஹெலி வந்தாலும் தவறவிடமாட்டான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ஊரைச் சுற்றிவளைத்தார்கள். அப்பா இரவே வலைக்குப் போயிருந்தார். ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூட வெளிக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கி கத்தியது. இதற்கு முன்னரும் பலதரம் நடந்ததுதான். அப்போதெல்லாம் அம்மா அண்ணனைக் கையில் பிடித்துக்கொண்டு போய், வாசலில் நிற்கும் ஆமிக்காரனுக்கு நெற்றியில் விரலை வைத்துச் சுழற்றிக் காட்டுவார். ஆமிக் காம்பில் இருந்தவர்களுக்கு அவனைத் தெரியும். போ போ என்று பெண்கள் பக்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள், ஒருவன் ஒருதரம் பிஸ்கட்டும் கொடுத்தான். பெற்ற பிள்ளையைப் பைத்தியம் என்று காட்டி அம்மா வாங்கிய உயிர் அது. ஆனால் அந்தக் கிழமை காம்புக்குப் புது ஆட்கள் மாறி வந்திருந்தார்கள். அம்மா விரலைச் சுழற்றினார். புதியவன் அண்ணனின் மீசையைப் பார்த்தான், தோளைப் பார்த்தான், துவக்கின் பின்பக்கத்தால் அம்மாவைத் தள்ளிவிட்டு அவனை ஆண்கள் பக்கம் போகச் சொன்னான்.

தலையைக் குனிந்துகொண்டு இரு, ஒன்றும் கதைக்காதே என்று அம்மா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே நின்றார். பிறகு நாங்கள் வேப்பமரத்தடியில் பெண்களோடும் சின்னப் பிள்ளைகளோடும் இருத்தப்பட்டோம். மாமியும் மகனும் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள். வெளியில் ஆண்களை வரிசை வரிசையாகக் குந்த வைத்தார்கள், கை இரண்டும் பிடரியில். அண்ணன் முன்வரிசையில் குந்தினான். அவனுக்கு வலது பக்கத்தில் மாமா.

ஜீப் வந்து, உரப்பை போட்ட ஒருவனை இறக்கினார்கள். அண்ணன் அவனைக் கண்டதும் திரும்பி என்னைத் தேடினான். முகமெல்லாம் சிரிப்பு. அண்ணன் இதை டிவி கேம் விளையாட்டு என்று நினைக்கிறான் என்று அம்மாவின் காதில் சொன்னேன். அம்மாவுக்கு அது ஏறவில்லை, சத்தம் போடாதே என்று என் தொடையில் கிள்ளினார்.

அந்தத் தலையாட்டிக்குக் காலில் செருப்பில்லை, குதிகாலில் வெடிப்பு. எங்களைப்போல யாரோ ஒருவன்தான். பின்வரிசைகளில் இருவருக்கு ஆட்டினான். அவர்களை இழுத்துக்கொண்டுபோய் டிரக்கில் ஏற்றினார்கள். அவர்கள் போவதை அண்ணன் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தான். அதை நான் எப்படி மறப்பது. கடைசியாக முன்வரிசைக்கு வந்து, மாமாவுக்கும் அண்ணனுக்கும் நேரே உரப்பை நின்றது. அதன் ஓட்டைகள் மாமாவைப் பார்த்தன. நான் இருந்த இடத்திலிருந்து அது நன்றாகத் தெரிந்தது, இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். சவூதிக் காசில் யாருக்கு எரிச்சலோ, அவர் யாருக்கு எதைக் கொடுத்தாரோ கொடுக்காமல் விட்டாரோ, எங்களுக்குத் தெரியாது. மாமா நிலத்தைப் பார்த்தபடி கல்லாக இருந்தார். உரப்பை ஒருதரம் கீழே போய் மேலே வந்தது.

அண்ணன் துள்ளி எழும்பினான்.

ஒரு கணம் உரப்பையின் ஓட்டைகள் மாமாவிடமிருந்து அண்ணனிடம் திரும்பின. அவன் இல்லை என்று ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. உள்ளே இருந்தவனுக்கும் கணக்குக்கு ஓர் ஆள் போதும் போலிருக்கிறது. இரண்டு பேர் அண்ணனின் கையைப் பிடித்தார்கள். எனக்குப் பக்கத்தில் மாமியின் மகன் வாயைத் திறந்தான். நடந்தது எனக்குப் போலவே அவனுக்கும் விளங்கியிருந்தது. சத்தம் வருவதற்குள் மாமி உள்ளங்கையால் அவனுடைய வாயைப் பொத்தி, தலையைத் தன்னுடைய மடிக்குள் அமத்தினார். அந்தக் கையிலிருந்த காப்புகளைக்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அம்மா ஓடிப்போய் ஆமிப் பெரியவனுடைய சப்பாத்தில் விழுந்தார். பின்னால் நான் ஓடினேன். பிள்ளைக்குப் புத்தி இல்லை, ஒன்றும் தெரியாதவன் என்று அம்மா கத்தினார். தமிழ் தெரிந்த ஆமிக்காரன் ஒருவன் பெரியவன் கேட்டதை எங்களுக்குச் சொன்னான்.

"பிழை செய்ய இல்ல எண்டா ஏன் எழும்பினது?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. தலையாட்டினால் டிவி கேம் விளையாட விடுவார்கள், அதுதான் எழும்பினான், அது எங்களுடைய விளையாட்டு என்று சொன்னேன். ஆட்டைப் பற்றியும் சொன்னேன். தமிழ் தெரிந்தவன் என்னைப் பார்த்தான், பெரியவனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, பிள்ளையின் கதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. அதுதான் எனக்கு இன்றும் தாங்கமுடியாமல் இருக்கிறது.

மற்ற இருவரையும் அடித்துத்தான் ஏற்றினார்கள். அண்ணன் தானாகவே ஏறினான். மேலே போய் நின்று எங்களைப் பார்த்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத ரிமோட்டில் பெருவிரல்களை அமத்திக் காட்டினான். டிரக் போனது. தலை தப்பினது தம்பிரான் புண்ணியம் என்று ஆண்கள் சாரத்தைத் தட்டிக்கொண்டு எழும்பினார்கள். மாமாவால் எழும்ப முடியவில்லை. இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அவர் இருந்த இடத்தில் மண் நனைந்திருந்தது.

அதற்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் ஏறி இறங்காத காம்பில்லை. அப்படி ஒரு ஆளை நாங்கள் எடுக்கவில்லை என்பதுதான் எல்லா வாசலிலும் கிடைத்த பதில். புளியந்தீவில் பிள்ளைகளைத் தேடி வெயிலில் வரிசையில் நின்ற தாய்மாரோடு அம்மாவும் நின்றார். அவர்கள் தங்களுடைய பிள்ளைகளின் கெட்டித்தனத்தைச் சொல்லி அழுவார்களாம். அம்மா மட்டும், என்னுடைய பிள்ளைக்குப் பசிக்குது என்று சொல்லத் தெரியாது, யாராவது பார்த்துக் கொடுக்கவேண்டும் என்று சொல்லி அழுதாராம். வீட்டில் ஆடு வழமைபோல முற்றத்தில் படுத்து அசைபோட்டது. அம்மாவால் அந்தத் தலையைப் பார்க்கமுடியவில்லை. ஏறாவூரிலிருந்து வந்த ஆட்டு வியாபாரி கேட்டதும் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா. புத்தியில்லாதது போனது நல்லதாய்ப் போயிற்று, புத்தியுள்ள பிள்ளை ஒன்று போயிருந்தால் என்ன செய்வது என்று கிணற்றடியில் ஒரு பெண் சொன்னது என் காதில் விழுந்தது. என்னுடைய கையில் வாளி இருந்தது. அவருடைய நெற்றியில் அந்தத் தழும்பு சாகும்வரை இருந்தது, எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

மாமியின் மகன் அதற்குப் பிறகு உரப்பையைத் தொடவில்லை. வகுப்பில் வாத்தியார் விளங்கிச்சா என்று கேட்டால்கூட ஓம் என்று வாயால்தான் சொல்வான், கழுத்து விறைத்தபடி இருக்கும். சில மாதங்களில் அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டார்கள். போவதற்கு முதல்நாள் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அந்த டிவி கேம் பெட்டி, ஒரு சீலைத்துண்டில் சுற்றியிருந்தது. பிள்ளை வந்தால் விளையாடட்டும் என்று நீட்டினார். எங்கள் வீட்டில் டிவியும் இல்லை, கரண்டும் இல்லை.

அம்மா கை நீட்டவில்லை. மாமியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"உங்கட மனிசன் அண்டைக்கு ஏன் மச்சாள் எழும்பல்ல?"

அம்மாவுக்கு எப்போது விளங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பச் சொல்லவில்லை. மாமி பெட்டியை நிலத்தில் வைத்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"எனக்கும் மூணு புள்ளைகள் மச்சாள்."

மாமி படலையைச் சாத்திக்கொண்டு போனார். நான் அவர்களை மன்னிக்கவில்லை. மன்னிப்பது பெரிய குணம் என்று கோயிலில் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களுடைய அண்ணன்மார் வீட்டில் இருக்கிறார்கள். அப்பா அந்தப் பெட்டியையும் வாவியில் போடப் பார்த்தார். அம்மா பறித்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். காம்பிலிருந்து யாரையாவது விட்டிருக்கிறார்கள் என்று கதை வந்தால் அதை இறக்கித் தூசி தட்டுவார்.

சண்டை கொஞ்சம் நின்றிருந்த வருடங்களில் எங்கள் ஒழுங்கைக்குக் கரண்ட் வந்தது. அப்பா தவணைக்கு ஒரு டிவி எடுத்தார். நான் அப்போது பள்ளிக்கூடம் முடித்துவிட்டிருந்தேன். டிவி வந்த இரண்டாம் நாள் பகல் அம்மா பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து என்னுடைய மடியில் வைத்து, இதைப் பூட்டு என்றார். வயர்களைப் பூட்டினேன். இத்தனை காலத்துக்குப் பிறகு அது வேலை செய்யாது என்று நம்பியிருந்தேன். வேலை செய்தது. அம்மா என்ன விளையாட்டு என்று கேட்காமலே, வாத்தைப் போடு என்றார்.

புல்லுக்குள்ளிருந்து இரண்டு வாத்துகள் எழும்பின. இங்கே போயின, அங்கே போயின, மேலே போய் மறைந்தன. இன்னும் இரண்டு எழும்பின. அம்மா டிவிக்கு முன்னால் சம்மணங்கட்டி இருந்து, ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வரும்வரை கண் இமைக்காமல் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இதப் பார்க்கிறதுக்கா புள்ள அவன் எழும்பினவன்?"

ஓம் என்றேன். அம்மா திரும்பவும் போடச் சொன்னார்.